விஞ்ஞான வீடியோ போடும் இளையவர்கள் கேட்கும் கேள்விகள்: கொழும்பில் தொடங்கி வைரலாகும் வரை

உயர்தரம் படித்துக்கொண்டே தமிழில் விஞ்ஞான வீடியோ போட நினைப்பவர்களும், போட்ட ஒன்று திடீரென இலட்சக்கணக்கானோரிடம் போய்விட்டதால் திணறி நிற்பவர்களும், அவர்களின் பெற்றோரும் வழக்கமாகக் கேட்பவை இவை. யூடியூப் தன் விதிகளை மாற்றிக்கொண்டே இருக்கும். கீழே உள்ள எண்களை வைத்து எதையும் முடிவெடுக்க முன் அதன் உதவிப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

தொடங்குவதற்கு என்ன வாங்க வேண்டும்?

கமராவுக்குக் கையில் இருக்கும் போனே போதும். காசு இருந்தால் அதை முதலில் மைக்குக்குப் போடுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் சனம் பார்க்கும். பேச்சு விளங்காவிட்டால் ஒருவரும் நிற்கமாட்டார்கள்.

சட்டையில் கொழுவும் வயர் மைக் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலும் கிடைக்கும். வாங்கும்போது பிளக்கின் உலோக முனையைப் பாருங்கள். அதில் மூன்று வளையம் இருந்தால் போனுக்குச் சரி. இரண்டு மட்டும் இருந்தால் அது கமராவுக்கு உரியது. போன் அதைக் கண்டுகொள்ளாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிந்துகொண்டிருக்கும், வீட்டுக்கு வந்து கேட்கும்போதுதான் தெரியும். துளை இல்லாத புதிய போன்களுக்கு யூ.எஸ்.பி-சி அடப்டர் தேவை. மலிவான அடப்டர்கள் சில, பாட்டை வெளியே விடும், மைக்கை உள்ளே எடுக்காது. ஆகவே கடையிலேயே கொழுவி, பத்து விநாடி பதிந்து, மைக்கை நகத்தால் தட்டிப் பாருங்கள். தட்டும் சத்தம் பெரிதாகக் கேட்டால் எடுத்துக்கொண்டு வரலாம்.

வெளிச்சத்துக்கு ஜன்னல். முகத்தின் இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளை ரெஜிபோம் துண்டை நிமிர்த்தி வைத்தால் நிழல் தணியும். ரிங் லைட் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீடு காலி வீதிப் பக்கம். சத்தத்துக்கு என்ன செய்வது?

வெள்ளவத்தையில் ஒரு பக்கம் பஸ், மறுபக்கம் கரையோர ரயில், இடையில் காகம். முழுதாக அடக்க முடியாது, குறைக்கலாம். வாயிலிருந்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் தூரத்தில் மைக் இருக்கட்டும். அந்தத் தூரம் இரட்டித்தால் உங்கள் குரல் தணியும், வீதி அப்படியே இருக்கும். ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டி நின்று, முதுகுப் பக்கம் உடுப்பு அலுமாரியைத் திறந்து விடுங்கள். தொங்கும் உடுப்புகள் எதிரொலியைக் குடித்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும்தான், மூன்று மூன்று நிமிடமாகப் பதியுங்கள்.

பேசாமல் 30 விநாடி வெறும் அறையைப் பதிந்து வைப்பது நல்ல பழக்கம். வெட்டி ஒட்டும் இடங்களில் அந்த வெறும் சத்தத்தை நிரப்பினால் வெட்டு தெரியாது. பதியும் செயலி காட்டும் ஒலி அளவில் பேச்சின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில் நிற்க வேண்டும். பூச்சியத்தைத் தொட்டால் உடைந்த ஒலியைத் திருத்த முடியாது. இரைச்சல் நீக்கும் மென்பொருளை முழு அளவுக்குத் திருப்பினால் ‘ச’ ஒலிகள் தகரமாகக் கேட்கும், பாதி அளவோடு நிறுத்துங்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கும் சூண் பாண் ஆட்டோ வந்தால் பேச்சை நிறுத்திவிடுவதே வழி. பின்னணியில் இசை ஓடும் ஒரு வசனத்தை எந்த மென்பொருளும் ஒழுங்காகக் காப்பாற்றித் தராது.

வீடியோவில் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. போன் பழுதா?

இல்லை. இலங்கை மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்.ஈ.டி விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். போன் வழமையாக விநாடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்) எடுப்பதால் இரண்டும் பொருந்தாமல் கோடு விழுகிறது. கமராவின் புரோ நிலையில் அல்லது கையால் மாற்றக்கூடிய ஏதாவது செயலியில் 25 சட்டமும் 1/50 அல்லது 1/100 விநாடி ஷட்டரும் வைத்தால் கோடு போய்விடும். ஸ்லோ மோஷனில் 240 சட்டம் எடுக்கும்போது இந்த வித்தை பலிக்காது. அதைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள்.

எந்தத் தலைப்பு எடுபடும்?

கருந்துளை, பெருவெடிப்பு பற்றி ஆங்கிலத்தில் ஆயிரம் வீடியோக்கள் இருக்கின்றன, உங்களைவிட நல்ல அனிமேஷனோடு. கொழும்பில் இருப்பவர் மட்டுமே காட்டக்கூடிய விடயத்தை எடுங்கள். பேரை வாவி ஏன் பச்சையாகிறது, ஏப்ரல் மாதப் பின்னேரங்களில் ஏன் இவ்வளவு இடி, பூச்சாடித் தட்டில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு ஏழு முதல் பத்து நாளில் எப்படி முட்டையிலிருந்து பறக்கும் பூச்சியாகிறது. இவற்றுக்கு உள்ளூரில் பார்வையாளர் இருக்கிறார்கள், வேறு எவரும் செய்வதில்லை.

எங்கள் கணிப்பில் ஆகச் சிறந்தது உச்சிச் சூரியன். கொழும்பு வட அகலாங்கு 6.9 பாகையில் இருப்பதால் ஆண்டில் இரண்டு தடவை, ஏப்ரல் 7 ஐ ஒட்டியும் செப்டெம்பர் 5 ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் நேரே தலைக்கு மேல் வரும். அந்த நண்பகல் கடிகாரத்தின் 12 மணி அல்ல. நமது நேரம் 82.5 பாகை நெட்டாங்குக்கு உரியது, கொழும்பு 79.9 பாகையில் இருக்கிறது. ஆகவே ஏப்ரலில் 12.12 அளவிலும் செப்டெம்பரில் 12.09 அளவிலும்தான் நிழல் ஆகக் குறுகும். 12 மணிக்கே எடுத்துவிட்டுக் கீழே இறங்குபவர்கள் நிழலோடுதான் வருவார்கள்.

செய்முறை: மொட்டைமாடியில் வெள்ளை அட்டையொன்றை இரசமட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். 30 சென்ரிமீற்றர் பி.வி.சி குழாயை அதன்மேல் நிமிர்த்தி, பக்கத்தில் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, குழாய் நூலுக்குச் சமாந்தரமா என்று இரண்டு திசையிலும் பாருங்கள். ஒரு பாகை சரிந்தாலும் 5 மில்லிமீற்றர் பொய் நிழல் விழும். 11.50 முதல் 12.30 வரை டைம்லாப்ஸ். சூரியன் அந்நாட்களில் நாளொன்றுக்கு 0.4 பாகைக்குச் சற்றுக் குறைவாகத்தான் நகர்வதால், ஒரு நாள் தவறினாலும் வித்தியாசம் 2 மில்லிமீற்றர். மழை வந்தால் மறுநாள் எடுங்கள், கெட்டுப்போகாது.

இதையே பெரிதாக்கலாம். யாழ்ப்பாணத்தில் மச்சானோ மாமியோ இருந்தால் அதே நாள், அதே நேரம், அங்கே ஒரு மீற்றர் தடியின் நிழலை அளக்கச் சொல்லுங்கள். இரு நகரமும் ஏறத்தாழ ஒரே நெட்டாங்கில் இருப்பதால் நண்பகல் வேறுபாடு ஒரு நிமிடம்கூட இல்லை. அங்கே நிழல் 4.8 சென்ரிமீற்றர் வரும். அதாவது அங்கே சூரியன் உச்சியிலிருந்து 2.75 பாகை விலகி நிற்கிறது. வடக்கு தெற்குத் தூரம் 303 கிலோமீற்றர். 303 ஐ 360 ஆல் பெருக்கி 2.75 ஆல் வகுத்தால் பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 39,700 கிலோமீற்றர். உண்மையான துருவச் சுற்றளவு 40,008. பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் செய்ததும் இதுதான். பிழைக்கும் இடங்கள் இரண்டு. நிழலில் ஒரு மில்லிமீற்றர் தவறினால் விடையில் 800 கிலோமீற்றர் தவறும். பஸ் ஓடும் 400 கிலோமீற்றர் வீதித் தூரத்தைப் போட்டால் 52,000 வரும், பலர் விழுவது இங்கேதான். வரைபடத்தில் நேர்கோட்டில் அளவுங்கள்.

ஏற்கெனவே வைரலாக ஓடும் தலைப்பை எடுக்கலாமா?

எடுக்கலாம், திருத்துவதற்காக. ‘இலங்கைக்குத் தெற்கே கடலில் ஈர்ப்புத் துளை’ என்று சுற்றும் செய்தி நல்ல உதாரணம். இந்து சமுத்திர ஜியோயிட் தாழ்வு என்பது உண்மை. புவியீர்ப்பு அங்கே சிறிது குறைவு, அலையும் காற்றும் இல்லாத கடல் மட்டத்தைக் கணித்தால் அது வழமையான மாதிரியைவிட ஏறத்தாழ 106 மீற்றர் தாழ்ந்திருக்கும். துளை இல்லை, கப்பல் விழாது. அந்தத் தாழ்வு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் அகலத்துக்கு மெல்லச் சரிவதால் கண்ணுக்கும் தெரியாது. இந்தக் கடைசி வசனத்தைச் சொல்லாமல் விட்ட வீடியோக்கள்தான் பயத்தைப் பரப்பின.

ஸ்கிரிப்டை எப்படி அமைப்பது?

வெரிட்டாசியம் என்ற ஆங்கில விஞ்ஞானச் சனலை 2011 இல் தொடங்கிய டெரெக் முல்லர், சிட்னிப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பிக்கும் வீடியோக்களைப் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். தெளிவாக விளக்கும் வீடியோவை மாணவர் இலகுவானது என்பார்கள், ஆனால் அதிகம் கற்பதில்லை. பரவலான பிழையான எண்ணத்தை முதலில் சொல்லி அதை உடைக்கும் வீடியோ குழப்பமாக இருந்தது என்பார்கள், பரீட்சையில் கூடப் புள்ளி எடுப்பார்கள். அவர் கண்டது இதுதான். தமிழுக்கும் இது பொருந்தும்.

மெழுகுதிரிப் பரிசோதனையை எடுங்கள். தட்டில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிறமூட்டிய நீர், நடுவில் எரியும் மெழுகுதிரி, மேலே கண்ணாடிக் குவளை. திரி அணையும், நீர் மேலேறும். ‘ஒட்சிசன் ஐந்திலொரு பங்கு தீர்ந்தது, அந்த இடத்துக்கு நீர் வந்தது’ என்று பலர் சொல்லிக்கொடுப்பார்கள். பிழை. ஒட்சிசன் 21 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே சுடர் அணைந்துவிடும். அத்துடன் எரிதலில் காபனீரொட்சைட்டும் நீராவியும் உண்டாகின்றன. நீர் ஏறுவதற்கு முக்கிய காரணம், சுடரால் சூடேறி விரிந்திருந்த வளி அணைந்தபின் குளிர்ந்து சுருங்குவது.

இதைச் சொல்லாமல் காட்டலாம். குவளையை வைக்கும் கணத்தில் விளிம்பைக் கிட்ட எடுத்தால் குமிழிகள் வெளியேறுவது தெரியும், விரியும் வளி அது. நீர் மெல்ல அல்ல, சுடர் அணைந்தவுடன்தான் விரைவாக ஏறும். பிறகு அதே குவளைக்குள் மூன்று திரிகளை வைத்துச் செய்யுங்கள். ஒட்சிசன் அதே அளவு, நீர் மட்டும் முன்னதைவிட உயரும். அந்த ஒரு ஷொட் போதும், பழைய விளக்கம் நிற்காது. குமிழி தெரியாவிட்டால் குவளையை மிக மெதுவாக இறக்கியிருக்கிறீர்கள். வளி அதற்கு முன்பே சூடேறி வெளியேறிவிட்டது.

நீளம்? ஷோர்ட்ஸ் எனும் குறு வீடியோ 2024 ஒக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை போகலாம். ஒரு நிமிடத்துக்கு நூறு தமிழ்ச் சொல் அளவாக எழுதுங்கள். நூற்றைம்பது எழுதினால் மூச்சு முட்டும், கேட்பவருக்கும்தான்.

பௌதிகவியலா, இயற்பியலா? ஒட்சிசனா, ஆக்சிஜனா?

நமது பாடப்புத்தகச் சொல்லைப் பேசுங்கள், இங்குள்ள மாணவர் பரீட்சையில் எழுதுவது அதுதான். திரையில் முதல் தடவை வரும்போது தமிழ்நாட்டுச் சொல்லையும் எழுத்தில் காட்டுங்கள், விபரக்குறிப்பில் இரண்டையும் போடுங்கள். தேடுபவர் எந்தச் சொல்லில் தேடினாலும் வந்து சேருவார்.

சரிபார்க்க யாரிடம் போவது?

எண் எங்கு பிறந்ததோ அங்கு. மழை, வெப்பம், உச்சிச் சூரியன் என்றால் வளிமண்டலவியல் திணைக்களம். டெங்கு எண்ணிக்கை என்றால் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு. மண்சரிவு என்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். கடல் என்றால் காக்கைதீவிலுள்ள நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாரா. ஆசிரியரிடமோ விரிவுரையாளரிடமோ ‘வீடியோவைப் பார்த்துச் சொல்லுங்கள் சேர்’ என்று அனுப்பினால் பதில் வராது. ‘ஒன்றரை நிமிடத்தில் நான் சொல்லும் இந்த வசனம் சரியா’ என்று கேட்டால் பெரும்பாலும் அன்றே வரும்.

ஏ.ஐ எழுதித் தந்ததை அப்படியே வாசிப்பதைப் பற்றி ஒரு சொல். இல்லாத ஆய்வுகளை உள்ளதுபோல் அது தரும். எண்ணொன்றைத் தந்தால் அதன் மூலத்தைக் கண்ணால் கண்ட பிறகே சொல்லுங்கள். உண்மைபோல் தோன்றும் செயற்கைக் காட்சியைப் பயன்படுத்தினால் பதிவேற்றும்போது அதைக் குறிப்பிட வேண்டும் என்பது யூடியூப் விதி.

படங்களுக்கு நாசா நல்ல வழி. அதன் படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமை இல்லை. ஆனால் அதன் இலச்சினையை உங்கள் சனலுக்கு ஆதரவுபோலப் போடக்கூடாது.

எந்தப் பரிசோதனையைத் தொடவே கூடாது?

நீங்கள் கவனமாகச் செய்துவிடுவீர்கள். பார்த்துவிட்டுத் தனியாகச் செய்யும் பதின்மூன்று வயதுப் பிள்ளையை நினைத்து முடிவெடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பின் ட்ரான்ஸ்போமர் வேண்டாம். அதிலிருந்து வரும் 2000 வோல்ற் அளவு மின்னழுத்தம் தொட்டவரை விடாது, மரத்தில் மின்கோலம் எரிக்கப் போய் உலகில் பலர் இறந்திருக்கிறார்கள். உலர்பனியை மூடிய போத்தலில் போடவேண்டாம். நுரை பொங்கும் ‘யானைப் பற்பசை’ பரிசோதனைக்குப் பாமசியில் கிடைக்கும் 3 அல்லது 6 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு போதும். நுரை குறைவாகத்தான் வரும், அதனால் பலர் 30 சதவீதம் தேடுகிறார்கள், அது தோலை வெளிற வைத்துச் சுடும், கண்ணில் பட்டால் பார்வை போகும்.

பச்சை லேசர் பேனைகளின் லேபலில் 5 மில்லிவாற் என்று இருந்தாலும் உள்ளே அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். வானத்துக்குக் காட்டாதீர்கள், இரத்மலானையில் விமானம் இறங்குகிறது. மின்னலை மொட்டைமாடியில் நின்று எடுக்க வேண்டாம். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். ஆனால் இடி கேட்கிறது என்றாலே அடுத்த மின்னல் உங்களை எட்டும் தூரம்தான். ஜன்னலுக்கு உள்ளே முக்காலியில் போனை வைத்து ஓடவிடுங்கள். தண்டவாளத்தில் நின்று எடுப்பது சட்டப்படியும் குற்றம். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

ஒரு வீடியோ வைரலாகிவிட்டது. முதல் இரண்டு நாளில் என்ன செய்வது?

தலைப்பையும் முகப்புப் படத்தையும் மாற்றாதீர்கள். ஓடுகிறதை ஓடவிடுங்கள். முதல் வேலை கொமென்ட் பகுதி. சந்தேகத்துக்குரியவற்றைத் தடுத்துவைக்கும் அமைப்பைப் போடுங்கள், தடைச்சொல் பட்டியலில் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழிலும் சொற்களைச் சேருங்கள். ஆங்கில எழுத்தை மறந்தால் பட்டியல் பாதிதான் வேலை செய்யும். இரண்டாவது, பழைய வீடியோக்களைத் திரும்பப் பார்ப்பது. புதிதாக வருபவர்கள் அவற்றுக்குத்தான் போவார்கள். பாடசாலைச் சின்னம், ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஒழுங்கைப் பெயர்ப்பலகை, மேசையில் கிடந்த மின்சாரக் கட்டணச் சிட்டை எதுவும் தெரிந்தால் அந்த வீடியோவை மறைத்துவிடுங்கள். மூன்றாவது, அடுத்த வீடியோ. அவசரத்தில் இன்னொன்று போடுவதைவிட, பாதியில் கிடக்கும் ஒன்றைச் சரிபார்த்துப் பத்து நாளில் போடுவது நல்லது. பார்வை எண்ணிக்கை பழைய நிலைக்கு இறங்கும், அது தண்டனை அல்ல.

தொலைக்காட்சியிலிருந்து அழைத்தால், நேரலையா பதிவா, எந்தக் கேள்விகள் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். உங்கள் துறைக்கு வெளியே கேட்டால் ‘அது எனது பாடமில்லை’ என்று சொல்லலாம், எவரும் கோபிக்கமாட்டார்கள்.

வைரலான வீடியோவில் பிழை இருக்கிறது. அழிப்பதா?

எவருக்கும் ஆபத்து விளைவிக்கும் பிழையென்றால் உடனே மறையுங்கள். இல்லையென்றால் விடுங்கள். அழித்தால் திருத்தமும் சேர்ந்து அழியும், பிறர் எடுத்துப் போட்ட பிரதிகள் மட்டும் ஓடும். யூடியூப்பில் அதே இணைப்பில் வீடியோவை மாற்றிப் போட முடியாது. பிழையான துண்டை யூடியூப் ஸ்டூடியோவில் வெட்டலாம். ஆனால் வீடியோ ஒரு இலட்சம் பார்வையைத் தாண்டியிருந்து, சனல் வருமானத் திட்டத்தில் சேராததாக இருந்தால், வெட்டிய மாற்றத்தைச் சேமிக்க விடாமல் போகலாம். அப்போது மிஞ்சுவது முதலிடத்தில் குத்திவைக்கும் கொமென்ட்: எத்தனையாவது நிமிடம், சொன்னது என்ன, சரியானது என்ன. மூன்று வரி. மன்னிப்புக் கடிதம் தேவையில்லை.

காசு எப்போது வரும்?

விளம்பரப் பங்குக்கு 1000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4000 மணிநேரப் பார்வையும், அல்லது 90 நாளில் ஷோர்ட்ஸ் மூலம் ஒரு கோடிப் பார்வையும் வேண்டும். ஷோர்ட்ஸ் ஓடையில் பார்க்கப்படும் நேரம் அந்த 4000 மணியில் சேராது. இதை அறியாமல் பலர் ஒரு வருடம் காத்திருக்கிறார்கள். கிடைத்த பின் நீள வீடியோ விளம்பரத்தில் 55 சதவீதம் உங்களுக்கு, ஷோர்ட்ஸில் 45.

கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும், விளம்பரப் பணத்தைத் தரும் கூகிளின் அட்சென்ஸ் ஒரு இரகசிய இலக்கத்தைத் தபாலில் அனுப்பும். மாடிவீடென்றால் வீட்டிலக்கத்தையும் மாடியையும் முதல் வரியிலேயே எழுதுங்கள், கடிதம் காவலாளி மேசையில் காணாமல் போவது சாதாரணம். பணம் 100 டொலர் சேர்ந்தால்தான் வரும். அமெரிக்க வரிப் படிவத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்கப்படலாம். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் பங்குக்கு மட்டும்தான் வரி.

பிள்ளைக்குப் பதினெட்டு ஆகவில்லை. பெற்றோர் என்ன பார்க்க வேண்டும்?

அட்சென்ஸ் கணக்கு பெற்றோர் பெயரில்தான் இருக்க வேண்டும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் தனியாக நேரலை செய்ய முடியாது. பிள்ளை தானே பேசுகிறது என்பதற்காக மட்டும் ‘சிறுவர்களுக்கான வீடியோ’ என்று குறிக்க வேண்டியதில்லை, பார்ப்பவர் சிறுவரா என்பதே கணக்கு. தவறாகக் குறித்தால் கொமென்ட் மூடப்படும், விளம்பர வருமானமும் விழும்.

சீருடையில் எடுக்க வேண்டாம். வெளியில் எடுத்ததை வீடு வந்த பிறகு போடுங்கள். மிரட்டல், அந்தரங்கப் படம் கேட்டல் போன்றவை வந்தால் திரைப்பிடிப்பை முதலில் எடுத்து வைத்துவிட்டே தடுக்க வேண்டும். பலர் கோபத்தில் முதலில் தடுத்து ஆதாரத்தை இழக்கிறார்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929.

ஸ்பொன்சர் மின்னஞ்சல்கள் குவிகின்றன. எதை நம்புவது?

சனல் பறிபோவது பெரும்பாலும் இந்த வழியில். ‘ஒப்பந்தம் இணைப்பில், கடவுச்சொல் இது’ என்று பூட்டிய ஸிப் (zip) கோப்பு வரும். பூட்டுவதன் காரணம், வைரஸ் காப்பு உள்ளே பார்க்கக்கூடாது என்பதே. உள்ளே பி.டி.எஃப் படம் போட்ட நிரல் இருக்கும். திறந்தவுடன் நீங்கள் உள்நுழைந்திருப்பதைப் பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் குக்கி என்ற சிறு பதிவைத் திருடிவிடும். இரட்டைச் சரிபார்ப்பு இங்கே காப்பாற்றாது, ஏனெனில் திருடன் புதிதாக உள்நுழையவே இல்லை. ஒப்பந்தத்தைச் சாதாரண பி.டி.எஃப் ஆக அல்லது மின்னஞ்சல் உடலிலேயே கேளுங்கள். உண்மையான நிறுவனம் மறுக்காது. தெரியாத கோப்பைத் திறக்கும் லேப்டொப்பில் சனல் கணக்கு உள்நுழைந்திருக்கக் கூடாது.

முடி வளர்க்கும் எண்ணெய், நீரிழிவைத் ‘தீர்க்கும்’ தூள், நினைவாற்றல் மாத்திரை ஆகியன விஞ்ஞானச் சனல்களைத் தேடித்தான் வரும், நல்ல தொகையோடு. வாங்கிவிட்டால் அடுத்த டெங்கு வீடியோவில் நீங்கள் சொல்வதை எவரும் கேட்கமாட்டார்கள். எடுத்துக்கொள்ளும் விளம்பரத்தை வீடியோவிலேயே விளம்பரம் என்று சொல்லுங்கள், பதிவேற்றும் பெட்டியிலும் குறியுங்கள்.

உயர்தரப் பரீட்சை வருகிறது. நிறுத்தினால் சனல் செத்துவிடுமா?

சாகாது. சந்தாதாரர் போய்விடமாட்டார்கள், புதியவர் வருவதுதான் குறையும். நிறுத்தும் நாளையும் திரும்பும் மாதத்தையும் ஒரு பதிவில் சொல்லுங்கள். கொமென்ட்டைப் பார்க்க வீட்டில் ஒருவருக்குச் சனல் அனுமதிகள் மூலம் வரையறுத்த உரிமை கொடுங்கள், கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். போனிலிருந்து ஸ்டூடியோ செயலியை நீக்கிவிடுங்கள். ஏப்ரல் உச்சிச் சூரியன் வீடியோவை மட்டும் முன்கூட்டியே தயாரித்து, வெளியாகும் நேரத்தைக் குறித்து வைக்கலாம், அதற்குப் போன வருடம் எடுத்த நிழலே போதும்.